துணைக்குப் போறவனுக்குப் பத்தியம்

கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணாச்சி. இல்ல, சன்னல் பக்கம் நீங்களே இருங்க, எனக்கு இந்த ஓரம்தான் தோது. காலை நீட்டிக்கிடலாம், அவசரம்னா சட்டுனு எந்திரிக்கலாம். என்ன அவசரமா? ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன். வயிறு நேத்துல இருந்து ஒரு தினுசா இருக்கு, அவ்வளவுதான்.

நீங்க திருநெல்வேலி வரைக்குமா? நல்லது. பேச்சுத் துணைக்கு ஆள் ஆச்சு. நானே ஒருத்தனுக்குத் துணைக்குத்தான் போறேன். அன்னா, டிரைவருக்குப் பின் சீட்டுல கட்டம் போட்ட சட்டைக்காரன் இருக்காம்லா, அவன் என் மச்சினன். வீட்டுக்காரிக்குத் தம்பி. பேரு திருமலைக்குமார். பாவம், குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாவ. பக்கத்துல உக்காருங்க அத்தான்னு கூப்பிட்டான். சீக்காளி முகத்தைப் பாத்துக்கிட்டே வந்தா எனக்கு மனசு தாங்காதுல, நீ முன்னால இருன்னு சொல்லிட்டு இங்க வந்துட்டேன்.

என்னைத் தெரியலையா உங்களுக்கு? முகம் தெரிஞ்சிருக்காது, குரலைக் கேட்டிருப்பிய. பாவூர்சத்திரம் சொரிமுத்து ரேடியோ செட். கல்யாண வீடு, கோயில் கொடை, காதுகுத்து, ஆடு காணாமப் போனது, எல்லாத்துக்கும் நம்ம மைக்குக் குழாய்தான். ஆட்டோ மேல ரெண்டு குழாயைக் கட்டிக்கிட்டு நான் வாயைத் தொறந்தேன்னா தொட்டில்ல கிடக்க பிள்ளை முழிச்சிக்கிடும். கொஞ்சம் பெருமையாத்தான் சொல்லுதேன். இருக்கத இருக்குன்னுதான சொல்லணும்.

இந்தக் கூத்து ஆரம்பிச்சதே ஒரு அறிவிப்புலதான். எங்க ஊரு பள்ளிக்கூடத்துல குடல் புற்றுநோய்க்கு முகாம் போட்டாவ. ஜெசிந்தா சிஸ்டர்னு ஒரு நர்சம்மா, அவங்கதான் எல்லாத்தையும் முன்ன நின்னு பாத்தாவ. என்ன சொல்லணும்னு எழுதிக் கொண்டாந்து குடுத்தாவ. அதை நான் சொன்னா எப்படி இருக்கும் தெரியுமா? மெதுவாவே சொல்லுதேன், கேளுங்க. 'அன்பார்ந்த பொதுமக்களே, மலத்தில் ரத்தம் போகிறதா? வயிறு வழக்கத்துக்கு மாறாக இளகியோ இறுகியோ பல நாள் இருக்கிறதா? காரணமில்லாமல் உடம்பு இளைக்கிறதா? மூலம் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், நாற்பத்தைந்து வயது தாண்டியவர்கள் வந்து பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆரம்பத்தில் கண்டால் குணப்படுத்தலாம்.' அந்தக் 'குணப்படுத்தலாம்'ல ஒரு இழுப்பு இழுப்பேன் பாருங்க, கேக்கவனுக்குக் கண்ணு கலங்கிரும். ஒண்ணுமில்லம்மா, உங்களுக்கில்ல, நீங்க முன்னால திரும்பிக்கிடுங்க.

மொத நாளே சண்டை. டீக்கடை செல்லையா வடைச் சட்டியை இறக்கி வச்சிட்டு ரோட்டுக்கு வந்துட்டான். 'வே, ஆளுக வடையைக் கையில எடுக்க நேரம் பாத்து மலம் மலம்னு கத்துதீரே, நான் யாவாரம் பாக்கவா வேண்டாமா'ங்கான். ஞாயம்தான. அதனால அந்த வார்த்தையை எடுத்துட்டு, 'அதில் ரத்தம் போகிறதா'ன்னு மாத்திட்டேன். மறுநாள் விடிஞ்சா வீட்டு வாசல்ல ஒரே கூட்டம். எதுலவே ரத்தம், எதுலவே ரத்தம்னு கேக்காவ. ஒருத்தன் வாயைத் தொறந்து பல்லைக் காட்டிட்டு நிக்கான். சிஸ்டர் வந்து எனக்கு ஒரு டோஸ் விட்டாவ. பொறவு பழையபடி மலம்னே சொல்லியாச்சு. செல்லையா கடை வந்தா மட்டும் குழாயை அந்தப் பக்கம் திருப்பிக்கிடுவேன். அந்தப் பக்கம் பிரியாணிக் கடை. அவன் பொறுமைசாலி.

ஒரு நிமிசம் அண்ணாச்சி. கண்டக்டர் தம்பி, ஏ கண்டக்டர் தம்பி. அந்தப் புளிய மரத்துப் பக்கம் வண்டியைக் கொஞ்சம் ஓரங்கட்டச் சொல்லுங்க. எனக்கில்ல, என் மச்சினனுக்கு. முன் சீட்டுல இருக்காம்லா, அவனுக்குத்தான். ஆஸ்பத்திரிக்குப் போற ஆளு, வயிறு சரியில்ல. நானும் துணைக்கு இறங்குதேன். ஏல திருமலை, எறங்குல. முழிக்காத, எறங்குல சொல்லுதேன்.

வந்தாச்சு. டிரைவர் நல்ல மனுசன், ஒரு ஹாரன் கூட அடிக்கல. நீங்க சன்னல் வழியாப் பாத்தியளோ? ஆமா, மரத்துக்குப் பின்னால போனது நான்தான். அவன் ரோட்டோரமா தண்ணி பாட்டிலைப் பிடிச்சிக்கிட்டு நின்னான். என்னன்னா, எறங்கின பொறவு அவனுக்கு வரல, எனக்கு வந்துட்டு. ஒரு பஸ்ஸை நிப்பாட்டிட்டு யாருமே போகலன்னா டிரைவருக்கு மனசு சங்கடமா இருக்காதா?

எங்க விட்டேன்? முகாம். நல்ல கூட்டம் அண்ணாச்சி, எல்லாம் நம்ம குரலுக்கு வந்த கூட்டம். சிஸ்டர் ஆளுக்கு ஒரு சின்ன டப்பா குடுத்தாவ. வீட்டுக்குப் போயி, கொஞ்சூண்டு எடுத்து, அதுல வச்சு மூடி, மறுநாள் கொண்டாந்து குடுக்கணும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தாலும் அதுல தெரிஞ்சிருமாம். ஆனா நம்ம ஜனங்களை உங்களுக்குத் தெரியாதா. மேலத்தெரு பேச்சியம்மை டப்பாவைக் கழுவித் துடைச்சு, உள்ள சீனி போட்டுக் கொண்டாந்துட்டா. என்னம்மா இதுன்னு சிஸ்டர் கேட்டா, 'அடுத்தவங்க பாத்திரத்தை வெறுமையாத் திருப்பிக் குடுக்கலாமா தாயி'ங்கா. இன்னொருத்தி, வெள்ளிக்கிழமை எங்க வீட்ல இருந்து எதையும் வெளிய குடுக்க மாட்டோம்னு கதவைச் சாத்திட்டா. எதையுமான்னு கேட்டதுக்கு, எதையும்தான்னு சொல்லிட்டா. இப்படி ஜனங்களை வச்சிக்கிட்டு ஒரு நல்லது பண்ண முடியுமா, நீங்களே சொல்லுங்க. விவரம் தெரிஞ்ச ஆளு நாலு பேராவது வேண்டாமா ஒரு ஊருக்கு.

எங்க வீட்ல எனக்கு ஒண்ணு, என் வீட்டுக்காரி உலகம்மாவுக்கு ஒண்ணு, பக்கத்து வீட்ல இருக்க இந்தத் திருமலைக்கு ஒண்ணு. பேரு டப்பாவுல இல்ல, மூடியில எழுதியிருந்தது. அதைக் கவனிச்சுக்கிடுங்க.

கொஞ்சம் காதைக் குடுங்க, ரகசியம். எனக்குக் கொஞ்ச நாளா வெளிக்கிப் போகையில ரத்தம் உண்டு. பதறாதிய, சீக்கில்ல. சூடு. நாள் பூரா ஆம்ப்ளிபயர் பக்கத்துலயே உக்காந்திருக்கோம்லா, அந்தச் சூடு அப்படியே கீழ எறங்குது. வெந்தயம் ஊறப்போட்டுக் குடிப்பேன், நல்லெண்ணெய் தேச்சிக் குளிப்பேன், கொஞ்ச நாள் நிக்கும், பொறவு வரும். சூடுன்னா அப்படித்தான். ஆளும் கொஞ்சம் இளைச்சிருக்கேன். அதுவும் சூடுதான், சூட்டுல மெழுகு உருகாதா? எனக்குச் சூட்டு உடம்புன்னு வீட்ல தெரியும். ரத்தம் மட்டும் தெரியாது. சொன்னா உலகம்மா ஊரைக் கூட்டிருவா.

இப்ப அந்த டப்பாவை நான் குடுத்தா என்ன ஆகும்? டாக்டர்மாருக்குச் சூட்டைப் பத்தி என்ன தெரியும்? ரத்தத்தைப் பாத்த உடனே புத்துநோய்னு எழுதிருவாவ. மைக்ல ஊருக்கெல்லாம் சொன்னவனுக்கே சீக்குன்னா நம்ம தொழில் என்னத்துக்கு ஆகும்? அதனால என்ன செஞ்சேன், எங்க டப்பாவோட சேத்து உலகம்மா குடுக்கட்டும்னு திருமலை விடியக்காலம் அவன் டப்பாவை எங்க வாசல்ல வச்சிட்டுப் போனாம்லா, ரெண்டு மூடியையும் கழத்தி மாத்திப் போட்டுட்டேன். அவன் இரும்பு உடம்புக்காரன். தக்காளிப் பெட்டியை ஒத்தைக் கையில தூக்கி லாரியில ஏத்துத பய. அவன் சரக்கு என் பேருல போகட்டும், என் சரக்கு அவன் பேருல போகட்டும். எதையும் தாங்குவான்.

நெனச்ச மாதிரியே ஆச்சு. சிஸ்டர் போன் பண்ணினாவன்னு உலகம்மா வந்து சொன்னா. எனக்கு ஒண்ணும் இல்லையாம். திருமலைக்கு ரத்தம் இருக்காம், திருநெல்வேலிக்குப் போயி கேமரா வச்சுப் பாக்கணுமாம். சொல்லையில என் முகத்தையே பாத்துட்டு நின்னா. தம்பி மேல உள்ள பாசம், கண்ணெல்லாம் செவந்துட்டு. நான் மனசுக்குள்ள யோசிச்சேன். அவன் டப்பாவுல இருக்கது என்னுது. கேமரா விடப்போறது அவனுக்கு. அவன்தான் இரும்பாச்சே, ஒண்ணுமில்லன்னு வந்துரும். டப்பா என்னுதுங்கறதால எனக்கும் ஒண்ணுமில்லன்னு ஆயிரும். ஒரே கேமராவுல ரெண்டு பேருக்கும் சுகம். ஏன் அப்படிப் பாக்கிய? எங்க இடிக்கு, சொல்லுங்க பாப்போம்.

உலகம்மாவைப் பத்திச் சொல்லணும். இவ்வளவு நாள் குடும்பம் நடத்தியாச்சு, அவளுக்கு இவ்வளவு பக்தின்னு எனக்கு இப்பத்தான் தெரியும். 'துணைக்குப் போறவனும் பத்தியம் இருந்தாத்தான் சீக்காளிக்குக் கேக்கும்'னு சொல்லிட்டா. பால் குடிக்க பிள்ளைக்குச் சளின்னா தாய் பத்தியம் இருக்கதில்லையா, அது மாதிரியாம். நேத்து காலையில இருந்து எனக்கு வெறும் வடிச்ச கஞ்சித் தண்ணிதான். ஒரு பருக்கை உள்ள கிடந்தாலும் வடிகட்டி எடுத்துட்டா. டெஸ்ட்டு அவ தம்பிக்கு, பட்டினி எனக்கு. ஜெசிந்தா சிஸ்டர் வீட்டுக்கு வந்தாவளே, அவங்களும் எனக்குத்தான் பிரஷர் பாத்தாவ. என்ன மாத்திரை சாப்பிடுதிய, சக்கரை உண்டான்னு கேட்டு எழுதிட்டுப் போனாவ. துணைக்குப் போறவருக்கும் எல்லாம் சரியா இருக்கணும்னு உலகம்மா விளக்கம் சொன்னா. ஆஸ்பத்திரின்னா எவ்வளவு முன்யோசனை பாத்தியளா.

இந்தா இந்தப் பாட்டிலும் அவ குடுத்ததுதான். எலுமிச்சம்பழத் தண்ணி. 'உங்க சூட்டு உடம்புக்கு பஸ் வெக்கை ஆகாது, இதை முழுசும் குடிச்சாத்தான் சூடு எறங்கும்'னா. நேத்து சாயந்தரம் ஒண்ணு, இன்னைக்கு விடியக்காலம் ஒண்ணு, அதுல மிச்சம்தான் இது. உப்பு கொஞ்சம் கூடிட்டு, ஆனாலும் அவ மனசு நோகுமேன்னு முகம் சுளிக்காமக் குடிச்சிட்டு வாரேன். என்ன குளிர்ச்சிங்கிய. நேத்து சாயந்தரத்துல இருந்து நானும் கக்கூசுமாத்தான் இருக்கோம். சூடு பூரா எறங்குது. கடைசியில வெறும் தண்ணியாவே எறங்குது, அவ்வளவு சூடு இருந்திருக்கு உள்ள. நீங்களும் ஒரு வாய் குடிக்கியளா? அட, சும்மா குடிங்க அண்ணாச்சி.

என்னல? ஏன் அங்க இருந்து கத்துத? யாருக்கும் குடுக்கக் கூடாதா? பாத்தியளா அண்ணாச்சி, அக்கா போட்ட ஜூஸ் மேல அவ்வளவு ஆசை அவனுக்கு. ஆனா குடிடான்னா ஒரு சொட்டுத் தொட மாட்டேங்கான். என்ன புத்தியோ.

ஐயோ. தம்பி, கண்டக்டர் தம்பி, கோவிச்சுக்கிடாதிய. அந்த ஓடைப் பாலத்துப் பக்கம் ஒரே ஒரு தடவை. என் மச்சினனுக்குத் திரும்பவும் வந்துட்டு. ஏல திருமலை, எறங்குல சீக்கிரம், உனக்கு அவசரம்லா.

தண்ணி இருக்கா அண்ணாச்சி? உங்க தண்ணி குடுங்க. இந்தப் பாட்டில் வேண்டாம். இதை சீட்டுக்கு அடியில தள்ளி வைங்க, யாரும் எடுத்துக் குடிச்சிராம.

சொல்லுதேன், மூச்சு வாங்கிக்கிடுதேன். நான் ஓடைக்குள்ள இருந்து ஏறி வாரேன், இந்தப் பய பாலத்துச் சுவர்ல உக்காந்து, கொண்டாந்த பொட்டலத்தைப் பிரிச்சு வடை திங்கான். உளுந்த வடை, சட்னியோட. எனக்கு வந்ததே கோவம். ஏல, கேமரா விடப்போறாவ, உள்ள வடையைப் பாத்தா டாக்டர் என்ன நெனைப்பாவ, உனக்காக ஒரு மனுசன் பட்டினி கிடக்கான், வெக்கமா இல்லையான்னு கேட்டேன். அவன் பாதி வடையை இலையில வச்சிட்டு, கையைத் துடைச்சிட்டு, மெதுவாச் சொன்னான். 'அத்தான், கேமரா எனக்கில்ல. உங்களுக்கு'ன்னான்.

நான் வாசல்ல மூடியை மாத்துனதை உலகம்மா பாத்திருக்கா. அரிசி களைஞ்ச தண்ணியை ஊத்த வந்தவ கதவுக்குப் பின்னாலயே நின்னுட்டாளாம். நான் அங்கிட்டுப் போனதும் மூடியைத் திரும்ப மாத்திப் போட்டுத்தான் சிஸ்டர்ட்ட குடுத்திருக்கா. ரத்தம் இருக்குன்னு வந்தது என் பேருலதான், அவதான் எங்கிட்ட மாத்திச் சொல்லியிருக்கா. ஆஸ்பத்திரிச் சீட்டு போட்டிருக்கதும் என் பேருலதான். அந்தப் பத்தியம் எனக்கான பத்தியம். அந்த ஜூஸு வயித்தைக் கழுவுத மருந்து. சிஸ்டர்கிட்ட, அவருக்கு எல்லாம் தெரியும், சம்மதிச்சிட்டாருன்னு பொய் சொல்லியிருக்கா. ஏன்ல எங்கிட்ட நேராச் சொல்லலன்னு கேட்டேன். 'சொன்னா நீங்க வெந்தயத்தை ஊறப்போட்டுட்டு உக்காந்திருவியளே அத்தான்'ங்கான்.

கோவம் வந்துட்டு அண்ணாச்சி. ஊருக்கு விவரம் சொல்லுத ஆளை இப்படி ஏமாத்தலாமா? நான் அவனைப் பிடிச்சு ஏசினேன், அவன் அக்காளையும் சேத்து ஏசினேன். கடைசியில, அவளுக்கு எப்படில சந்தேகம் வந்தது, ஏன் என்னை ஒளிஞ்சு பாத்தா, ரத்தத்தைப் பத்தி நான் யாருட்டயும் மூச்சு விடலையேன்னு கேட்டேன். அதுக்கு அவன், 'அக்காவுக்குத் தை மாசமே தெரியும். உங்க வேட்டியைத் துவைக்கது யாரு அத்தான்'னு கேட்டான்.

தை மாசத்துல இருந்து துவைச்சிருக்கா. நான் காலையில எந்திரிக்கும்போது வேட்டி கொடியில வெள்ளையாக் காயும். ஒரு நாள் கூட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா நான் சூடுன்னு சொல்லுவேன்னு அவளுக்குத் தெரியும். நான் மைக்கைப் பிடிச்சிக்கிட்டு மலத்தில் ரத்தம் போகிறதான்னு எங்க தெரு வழியாப் போகையில, அவ குழாயடியில என் வேட்டியோட நின்னுருக்கா அண்ணாச்சி.

வேண்டாம்னா திரும்பிருவோம்னுதான் திருமலை சொன்னான். எதிர்ல வார பஸ்ஸைப் பிடிச்சா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிரலாமாம். 'இழுத்துட்டுப் போகாத, அவரா வந்தா வரட்டும்னு அக்கா சொல்லி விட்டிருக்கா'ன்னான். எதிர்ல ஒரு பஸ்ஸும் வந்தது. பெரிசா ஹாரன் அடிச்சிட்டு, ஆளும் இல்லாம, எல்லா சீட்டும் காலியா வந்தது. நான் கையைக் காட்டல. ஏன் காட்டலன்னு கேக்காதிய. எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி. இப்ப இல்ல, தை மாசத்துல இருந்தே பயம். சூடுன்னு சொன்னா கொஞ்சம் பயம் குறையும், அதுக்காகத்தான் சொல்லிட்டே இருந்தேன்.

என்ன அண்ணாச்சி, என் காதுல வந்து சொல்லுதிய? உங்களுக்கும் ரத்தம் போகுதா? எத்தனை நாளா? அது சூடு இல்ல அண்ணாச்சி. மூலமாக் கூட இருக்கலாம், சீக்காத்தான் இருக்கணும்னு இல்ல. ஆனா அதை நாம சொல்லக் கூடாது, பாத்துட்டு அவங்க சொல்லணும். உங்க வீட்லயும் ஒருத்தி துவைச்சிக்கிட்டு இருப்பா, போயிப் பாருங்க.

ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்துட்டு. அந்தப் பையை எடுங்க, வாரேன். வயிறு வேற கூப்பிடுது, நல்லவேளை ஆஸ்பத்திரியில கக்கூசு இருக்கும். அன்னா பாருங்க, கண்டக்டர் தம்பி ஓடிப்போயி திருமலை கையைத் தாங்கிப் பிடிச்சி எறக்குதான். சீக்காளி எறங்குதாரு, வழி விடுங்க, வழி விடுங்கன்னு எல்லாரையும் ஒதுக்குதான். அந்தத் தடிப்பயலும் தலையைக் குனிஞ்சிட்டு நொண்டி நொண்டி எறங்குதான். என் மானம் போயிரக் கூடாதுன்னு நடிக்கான், என்னைக் காட்டிக் குடுக்க மாட்டான்.

ஏ கண்டக்டர் தம்பி. இங்க வாங்க. அவன் கையை விடுங்க, அவன் துணைக்கு வந்தவன். சீக்காளி நான்தான். என் கையைப் பிடிங்க.